மெயின் அப்ளிகன்ட் யார்?

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் திறந்து, உள்ளே போய், சுவிட்ச் போர்டைத் தடவிக்கொண்டிருந்தேன். டெலிபோன் அடித்தது.

யோசித்துப் பாருங்கள். எட்டு மாதமாக ஆள் இல்லாத வீடு. டி.வி. மேல் போர்த்திய வெள்ளைப் போர்வை, யாரோ முக்காடு போட்டு உட்கார்ந்திருப்பது போல... சுவரில் காலண்டர் இன்னும் போன மார்கழியிலேயே நிற்கிறது. அந்த இருட்டில் மணி அடிக்கிறது. நான் வருவேன் என்று தெரிந்து அடிப்பது மாதிரி.

எங்கள் முடிச்சூர் ஃப்ளாட்ஸில் மொத்தம் ஆறு வீடு. அதில் நாலு பூட்டு. நாலு குடும்பமும் ஆஸ்திரேலியாவில். போகும்போது ஒவ்வொருவரும் சாவியை என்னிடம் கொடுத்து, "வெள்ளிக்கிழமையாவது ஒரு லைட்டைப் போட்டு வை பிரபு, வீடு இருட்டாக் கிடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வாரத்தில் ஒரு நாள் நாலு வீட்டிலும் வெளிச்சம். ரோட்டிலிருந்து பார்த்தால் எல்லோரும் வீட்டில் இருப்பது போலவே இருக்கும். ஏறி வந்து கதவைத் தட்டினால்தான் தெரியும்.

போனை எடுத்தேன். "ஹலோ?"

மறுமுனையில் மூச்சு மட்டும். பிறகு, மெல்லிசாக ஒரு பெண் குரல். "யாரு... எங்க வீட்ல யாரு பேசறது?"

மாலதி அக்கா. ரவி அண்ணனின் மனைவி, அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர். மெல்போர்னில் நர்ஸ்.

"நான்தான்க்கா, பிரபு. லைட் போட வந்தேன். நீங்க யாருக்குப் போன் பண்ணீங்க?"

"யாருக்கும் இல்லப்பா." அசட்டுச் சிரிப்பு. "ட்யூட்டி முடிஞ்சு வந்து சில நாள் அடிப்பேன். மணி அடிக்கற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தா ஹால், கிச்சன் எல்லாம் ஞாபகம் வரும். இன்னிக்குப் பாத்து நீ எடுத்துட்ட. உசிரே போயிடுச்சு."

எனக்கு மட்டும் இருந்ததா என்ன?

"சரி, உன் கேஸ் என்னாச்சு?"

என் கேஸ் என்றால், ஆஸ்திரேலியாவில் குடியேற விசா கேட்பது. தெரியாதவர்களுக்காக: அங்கே எந்த வேலைக்கு ஆள் தேவையோ, அந்த வேலைகளை ஒரு லிஸ்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் வேலை அதில் இருந்தால் கூடுதல் பாயின்ட். நான் ஃபேக்டரியில் புரொடக்‌ஷன் இன்ஜினியர். அந்த வேலை லிஸ்ட்டில் இல்லை; கூடுதல் பாயின்ட் இல்லாமல் எனக்குப் பத்தாது. வருகிற தை மாதம் எனக்கு முப்பது வயது. அதோடு வயசுக்கான பாயின்ட்டும் குறையும். லிஸ்ட் மாறுமா, மாறுமா என்று ஒன்றரை வருடமாக பிரவுசிங் சென்டரே கதி என்று கிடக்கிறேன்.

"ரவி அண்ணன் மட்டும் எப்படிக்கா போனாரு? மார்க்கெட்டிங் லிஸ்ட்லயே இல்லையே?"

"அவரு எங்க போனாரு? நான்தான் மெயின் அப்ளிகன்ட், என் நர்ஸ் வேலைக்குத்தான் விசா. அவரு என் கூட வந்தவரு."

அவ்வளவுதான். காலிங் கார்டில் காசு தீர்ந்து லைன் கட்.

வெளியே வந்து கதவைப் பூட்டினேன். பெயர்ப்பலகையைப் பார்த்தேன். 'ஆர். ரவிச்சந்திரன், எம்.பி.ஏ.' எதிர் வீட்டில் 'பி. ஜோசப்'. அவர் மனைவி பல் டாக்டர். மாடியில் 'கே. சங்கர்'. மனைவி ஃபார்மசிஸ்ட். அதற்கு எதிரே 'எஸ். முருகேசன்'. மனைவி பிசியோதெரபிஸ்ட்.

நாலு பலகையையும் இன்னொரு தரம் படித்தேன். கடல் தாண்டியிருந்து ஒரு லிஸ்ட் எங்கள் மாடிப்படி ஏறி வந்திருக்கிறது. வாசலில் இருந்த பெயர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக உள்ளே போய், சரியான ஆளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஒவ்வொரு வீடாக.

வண்டியை எடுத்துக்கொண்டு மேற்கு தாம்பரம் பறந்தேன். பிரவுசிங் சென்டர் பாஸ்கர் அண்ணன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"இன்னா தம்பி, உன் வேலையத் தேடிக்கினு வந்துட்டியா? போன மாசமும் இல்ல, இந்த மாசமும் இல்ல. எனக்கே மனப்பாடம் ஆயிப்போச்சு."

"என் வேலை இல்லண்ணே. லிஸ்ட் முழுசாப் பாக்கணும்."

ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினார். நர்ஸ் இருந்தது. ஃபார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், பல் டாக்டர்... நான் மேலும் கீழும் தேடுவதைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார். "ஆமா, உன் வூட்டுக்காரம்மா இன்னா வேலை பண்ணுது?"

கவிதா பல்லாவரத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுன்டன்ட்.

அக்கவுன்டன்ட், லிஸ்ட்டில் இருந்தது.

வீட்டுக்கு வந்து என் ஃபைலைத் திறந்து பழைய பிரின்ட் அவுட்டுகளைப் புரட்டினேன். போன மாசத்து லிஸ்ட்டிலும் இருக்கிறது. தீபாவளி சமயத்தில் எடுத்ததிலும் இருக்கிறது. என் வேலையோடு பொருந்துமா என்று நான் சிவப்பு மையில் சுழித்த இடங்களுக்கு நடுவிலேயே, மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கிறது. எப்படிக் கண்ணில் படாமல் போனது? ரேஷன் கார்டா, கேஸ் கனெக்‌ஷனா, எந்த ஃபாரமாக இருந்தாலும் முதல் கட்டத்தில் நம் கை தானாகவே புருஷன் பெயரைத்தான் எழுதுகிறது. அதற்கு மேல் மூளைக்கு வேலை இல்லை.

கவிதாவிடம் காகிதத்தை நீட்டினேன். மாலதி அக்கா போன் பண்ணியதையும் சொன்னேன். அவள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். எடுக்கவே இல்லை.

"இது எவ்ளோ நாளா இதுல இருக்கு?"

"ஆரம்பத்துலேர்ந்தே..."

"ஒன்றரை வருஷம். 'கவி, உனக்குப் போகணுமா'ன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

"அதான் இப்ப..."

"இப்ப வேணாம். இப்பக் கேட்டா லிஸ்ட்டுதான் கேக்குது. நீங்க கேக்கல." சமையலறைப் பக்கம் போனவள் நின்றாள். "அந்த அக்கா சொந்த வீட்டுக்கே போன் போட்டு, யாரும் எடுக்கக் கூடாதுன்னு காத்துக்கிட்டு இருக்காங்க. நாளைக்கு நான் அப்படி உக்காந்திருக்கணுமா? தெரியலைங்க. நிஜமாவே தெரியல."

அன்று அவள் சாப்பிடும்போதும், துணி மடிக்கும்போதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே பாதி கிளம்பிவிட்டவள் போல இருந்தாள். அல்லது... அவளை நான் இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேனா?

ஞாயிற்றுக்கிழமை கோவளம் கடற்கரைக்குப் போகிறோம். ஃபைல் வீட்டிலேயே இருக்கும். படகெல்லாம் கரைக்கு வந்து, மீன் ஏலம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு மணலில் உட்கார்ந்து கேட்கப் போகிறேன். 'போகலாமா' என்று இல்லை. 'உனக்குப் போகணுமா' என்று. வேண்டாம் என்றால் ஃபைலைப் பரண் மேல் போடுவேனா, இல்லை மனசுக்குள் முணுமுணுப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை.

கேள்வியைக் கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். இன்னும் விண்ணப்பம் மாதிரிதான் கேட்கிறது.