எட்டு கம்ப்யூட்டரையும் பூட்டிய நாள்

வேங்கிக்காலில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது, பாஸ்வேர்டு கேட்கும் மென்பொருள் ஒன்றை நானே எழுதினேன். முழுக் கடையிலும் ஓட்டினால்தான் சோதனை என்று நினைத்து, எட்டு கம்ப்யூட்டரிலும் ஏற்றினேன். சரியான பாஸ்வேர்டைப் போட்டும் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

இன்டர்வியூ கடிதத்தைப் பிரிண்ட் எடுக்க வந்திருந்த பெண்ணுக்கு அரை மணி நேரத்தில் சென்னை பஸ். சோதனைக்காக எட்டிலும் ஏற்றியதை நான் சொன்னதும், தவித்துப்போனாலும் அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

"சாயம் போவுதான்னு பாக்கப் புடவை ஓரத்தைத்தானே நனைப்போம்? நீங்க பீரோவையே தண்ணில போட்டுட்டீங்களேண்ணா!"

கடையே சிரித்தது. எனக்கும் உறைத்தது. ஒரே ஒரு கம்ப்யூட்டரை மட்டும், என் மென்பொருள் ஓடாத சேஃப் மோடில் திறந்து அதை நீக்கினேன், கடிதம் பிரிண்டாகி வந்தது. "தேங்க்ஸ்ணா!" என்று கத்திக்கொண்டே ஆட்டோவில் ஏறினார்.

மறுநாளே பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சோதனைக்கென்று மூலையில் ஒதுக்கினேன். அவர் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தவன் நான், திட்டியிருக்கலாம். சிரிக்கவைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். நன்றி சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.