மோட்டார் கொட்டகைக்கு வந்த போன்

என் வீட்டுக்காரர் கண்ணுசாமிக்கு ஒரு கொள்கை: காசு கொடுத்து வாங்கிய எதுவும் சும்மா கிடக்கக்கூடாது. அந்தக் கொள்கையோடு குடித்தனம் நடத்தி நான் படுகிற பாடு இருக்கிறதே!

திருவிடைமருதூர் பக்கத்தில் எங்கள் நிலம். விளைகிற சீரகச் சம்பாவை அரைத்து வலைத்தளத்தில் விற்கிறோம். போன பொங்கலுக்குத் தளம் பகல் முழுக்கப் படுத்துக் கிடந்தது. எங்களுக்குத் தெரியவே இல்லை. வந்த சனமெல்லாம் வேறு கடைக்குப் போய்விட்டது.

"இந்தப் பொங்கலையும் கோட்டை விட்டீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன்" என்றேன்.

தளத்தைச் செய்துகொடுத்த கூத்தாநல்லூர் ஹாஜா மைதீனிடம் யோசனை கேட்டோம். இரண்டு வழி சொன்னார். தளம் மெதுவானாலே படம் போட்டுக் காட்டும் சேவை ஒன்று, விலை அதிகம். நின்றுபோனால் போன் அடிப்பது மட்டும் செய்கிற சேவை இன்னொன்று, இலவசம்.

"இலவசமே போதும் தம்பி. மாட்டை வெரட்ட கலெக்டரையா கூப்பிடுவாங்க?" என்றார் இவர். எந்த நம்பருக்கு அடிக்க வேண்டும் என்பதையும் இவரே ஹாஜாவிடம் சொல்லிவிட்டார்.

மார்கழிப் பாதியில் கதிர் முற்றி, அறுப்புக்காக வயலைக் காயவிட்டிருந்தோம். பொங்கல் ஆர்டருக்கு அந்த நெல்தான். அறுப்பு மெஷின் வருகிற அன்று காலை பக்கத்து வயல் வீரையன் ஓடிவந்தார்.

"அண்ணே, அறுக்கற வயலுக்கு எதுக்குத் தண்ணி வுடுறீங்க? மோட்டார் ஓடிக்கிட்டே கெடக்கு!"

போய்ப் பார்த்தால் கணுக்கால் தண்ணீர். இவர் போனிலிருந்தே மெசேஜ் அனுப்பி மோட்டாரை நிறுத்தினார். சேற்றில் வண்டி இறங்காது என்று மெஷின்காரர் திரும்பிப் போய்விட்டார். சந்தேகப்பட்டு நான் தளத்தைத் திறந்தேன். திறக்கவில்லை.

"ஏங்க, எந்த நம்பரக் குடுத்தீங்க?"

"மோட்டார் ஸ்டார்ட்டர்ல ஒரு சிம் இருக்குல்ல... ரீசார்ஜ் பண்ணிட்டு சும்மாதானே கெடக்கு..."

அடப்பாவி மனுஷா! அந்த சிம்முக்கு யார் போன் அடித்தாலும் மோட்டார் ஓடும். தளம் நின்றதும் சேவை ஒழுங்காகத்தான் போன் அடித்திருக்கிறது.

ஹாஜாவைக் கூப்பிட்டோம். சற்று நேரத்தில் அவரே சந்தோஷமாகப் பேசினார். "சரியாயிடுச்சுண்ணே! பொங்கல் அரிசிக்கு ஆர்டர் கொட்டுது!"

தண்ணீரில் நிற்கும் நெல்லைப் பார்த்து இவருக்கு முகம் செத்துப்போனது. "ஐயையோ, அரிசிக்கு எங்க போவேன்? தம்பி, அந்த சைட்டை ஒடனே நிறுத்துப்பா!"

"நிறுத்தாதீங்க தம்பி!" என்று நான் போனைப் பிடுங்குவதற்குள், கொட்டகையில் மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டது.