கூட்டிச் சொன்ன ஒரு மணி நேரம்

பக்கத்து அறையில் கைத்தடி தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் கிழவி எல்வீரா அம்மாளுக்குத் தலையணை சரிந்திருக்கும். ஸ்மரண்டா காதில் போனும் கையில் விமானச் சீட்டுமாக, ருமேனியாவில், சாகக் கிடந்த அம்மாவின் பக்கத்தில் இருந்த தங்கையிடம் அவசரமாகப் பேசி முடித்தாள்.

"காத்தின்கா, நாளைக்கு நாலு மணிக்கு யாஷ்ல இறங்கறேன். உன் புருஷனை வண்டியோட வரச் சொல்லு. மெழுகுவர்த்தியை எடுத்து வை, ஏத்திடாதே. நான் வந்துடறேன்."

சீட்டில் யாஷ் விமான நிலையத்தில் இறங்கும் நேரம் மூன்று என்றுதான் இருந்தது. இத்தாலியின் பொலோன்யாவில் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும் ஒரு மணி கூட்டி ஊர் நேரமாக்கிக்கொள்வது அவளுடைய பதினோரு வருஷத்துப் பழக்கம். அம்மா மாத்திரை போடும் நேரத்துக்குக் கூப்பிட வேண்டுமே. இறங்கும் நேரத்தை ஊர்க் கணக்கிலேயே அச்சடித்திருப்பார்கள் என்பது அந்தப் பதற்றத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

எங்களைப் போல, பிறர் வீட்டுக் கிழவிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு வியாழக்கிழமை மதியம் மட்டும்தான் ஓய்வு. பூங்கா பெஞ்சில் கூடுவோம். ஊர் எவ்வளவு தூரம் என்று யார் கேட்டாலும் ஸ்மரண்டா சிரிப்பாள்.

"விமானத்துல ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம். இங்க சூப்பை அடுப்புல வச்சுட்டுப் போனா, அங்க ஆறாம குடிக்கலாம்."

"அப்போ ஏன்டி போகவே மாட்டேங்கற?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"பக்கத்துலதானே இருக்கு" என்றாள். பதினோரு வருஷத்தில் இரண்டே முறை போயிருந்தாள்.

உயிர் பிரியும்போது கையில் எரியும் மெழுகுவர்த்தி இருக்க வேண்டும். இல்லையென்றால் போகிற வழி முழுக்க இருட்டு. அதை மூத்தவள்தான் பிடிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. முன்கூட்டியே ஏற்றினால் சாவை அழைத்தது போலாகும்.

மூன்று மணிக்கு விமான நிலையத்தில் யாரும் இல்லை. தங்கை புருஷன் கொஸ்தாக்கே அப்போதுதான் கிராமத்தை விட்டுக் கிளம்பியிருந்தான். போனில் அங்கேயே நிற்கச் சொன்னான். நின்றாள். அவன் வர ஒரு மணி நேரம், திரும்பிப் போக ஒரு மணி நேரம். ஐந்து மணிக்கு அவள் வாசலில் இறங்கியபோது, சாவு வீட்டு வழக்கப்படி கண்ணாடிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். ஜன்னலோரம் தீப்பெட்டியும், திரி கருகாத மெழுகுவர்த்தியும் இருந்தன.

நாற்பதாம் நாள் பூசைக்கு அவளால் போக முடியவில்லை. எல்வீரா அம்மாளுக்கு வேறு ஆள் இல்லை. மறுநாள் காத்தின்கா பொலோன்யாவுக்கு வந்தாள். முதன்முறையாக விமானம் ஏறியிருந்தாள். படையலில் வைத்த இனிப்புக் கோதுமையையும், கைக்குட்டையில் சுற்றிய அந்த மெழுகுவர்த்தியையும் மேஜையில் வைத்தாள்.

"இதை என் வீட்ல வச்சுக்க முடியலக்கா."

"அம்மா என்னைக் கேட்டாளா?"

"நீ எத்தனை மணிக்கு வருவேன்னு கேட்டா. நீ சொன்ன மணியைத்தான் சொன்னேன். சரி, காத்திருக்கேன்னா. நாலரைக்கு மூச்சு மாறுச்சு. தீக்குச்சி என் கையிலதான் இருந்துது. இதோ நீ வந்துடுவேன்னு நெனச்சு..."

ஸ்மரண்டா அழவில்லை. அன்று அவள் அழுதிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

காத்தின்கா கோட்டை மாட்டிக்கொண்டாள். வாசலில் ஒரு கணம் நின்றாள்.

"ரெண்டே மணி நேரம்தான்கா. நான் என்னமோ நீ உலகத்தோட அந்தக் கோடியில இருக்கேன்னு நெனச்சிருந்தேன்."

உள்ளே கைத்தடி தட்டியது. ஸ்மரண்டா கதவைச் சாத்தினாள்.