மூன்று நிமிடத் தூக்கம்

"எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்று பாதி இந்தியிலும் பாதி இங்கிலீஷிலும் சொல்லி முடிப்பதற்குள் பாலசுப்ரமணியனின் கண்தான் முதலில் மூடும். வெள்ளைப் பலகையின் ஓரத்தில் தோளைச் சாய்த்து, வலது கையில் மார்க்கர் பேனாவைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் மூச்சைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். இவர் தூங்கிக்கொண்டிருப்பார். நின்றபடியே, குதிரை மாதிரி. தூக்கம் கொஞ்சம் ஆழத்துக்கு இறங்கியதும் விரல் தளரும். மார்க்கர் சிமெண்டுத் தரையில் 'டொக்'கென்று விழும். விழித்துக்கொண்டு, "மெதுவாகக் கண்ணைத் திறக்கலாம்" என்பார். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் இருக்கும். நாள் முழுவதற்கும் அந்த மனுஷனுக்குக் கிடைத்த தூக்கம் அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அவருடைய தொழில் என்ன தெரியுமா? வேலை செய்து வெந்து போனவர்களுக்கு, வேகாமல் இருப்பது எப்படி என்று சொல்லிக் கொடுப்பது.

புனேயில், போபோடியில் ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் பணியாளர் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவர். தொண்ணூற்றெட்டில் கம்பெனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியபோது, அனுப்பும் கடிதங்களையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்துவிட்டுக் கடைசிக் கடிதத்தில் தன் பெயரையும் தானே அடித்துக்கொண்டு வெளியே வந்தார். எப்போதோ தபால் வழியில் தத்துவம் படித்து ஒரு பட்டம் வாங்கி வைத்திருந்தார். அதுவரை அது எதற்கும் உதவியதில்லை. கம்பெனி கம்பெனியாக ஆள் அனுப்பி வகுப்பு நடத்தும் ஜோக்ளேகர் என்பவர் அதைப் பார்த்துவிட்டு, "யோகா சொல்ல ஆயிரம் பேர் இருக்கான். நீங்கள் கிரேக்கம் சொல்லுங்கள். யாரும் சொல்லாத சரக்கு" என்றார். அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நன்றாகத்தான் சொல்வார். அதில் குறை சொல்ல முடியாது. "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் கிரேக்க தேசத்தில் பெரியவர்கள் சிலர் இருந்தார்கள். அதில் ஒருத்தர் அடிமை. கால் வேறு விளங்காது. அவர் சொன்னது ஒரே விஷயம்" என்று ஆரம்பித்து, இரண்டு கைகளையும் நீட்டுவார். வலது கையை மூடுவார். "இது என் கையில் இருப்பது. என் எண்ணம், என் முயற்சி." இடது கையை விரிப்பார். "இது என் கையில் இல்லாதது. மேலதிகாரியின் கோபம், மார்க்கெட், மழை. இதை விட்டுவிடுங்கள்." விரித்த கையைக் கவிழ்த்து உதறுவார். அப்புறம் தோட்டத்தில் நண்பர்களோடு ரொட்டி தின்றுகொண்டு வாழ்ந்த இன்னொருவரைப் பற்றிச் சொல்வார். மனசு என்றால் காற்று நின்ற கடல் மாதிரி இருக்க வேண்டும் என்பாராம் அவர். புனேக்காரர்களுக்குக் கடல் எங்கே? ஆகவே, "காற்று நின்ற கடக்வாஸ்லா ஏரி" என்று மாற்றிக்கொண்டார். அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு வரைக்கும் சேர்த்துத்தான் வகுப்பு வீட்டுக்கு வரும். அதுதான் அவருடைய நோய். ஒரு நாள் பிம்ப்ரி, மறுநாள் ஹிஞ்சேவாடி, அதற்கடுத்த நாள் கேம்ப் பகுதியில் ஏதாவது பேங்க் என்று அலைந்துவிட்டு வந்து படுத்தால், தலைக்குள் வகுப்பு தானாக ஆரம்பித்துவிடும். 'குட் மார்னிங்'கில் தொடங்கும். அடிமை வருவார், தோட்டக்காரர் வருவார், கடக்வாஸ்லா வரும், சிரிப்பு வரும். 'கண்ணை மூடிக்கொள்ளுங்கள்' கூட வரும். ஆனால் அங்கே நிற்காது. 'தாங்க் யூ' வரை போய்விட்டு மறுபடி 'குட் மார்னிங்'.

பக்கத்தில் படுத்திருக்கும் சரசாவுக்கு அவர் உதடு அசைவது தெரியும். "ஊருக்கெல்லாம் தாலாட்டு பாடுதீய. நம்ம வீட்டுல மட்டும் ஆந்தை குடியிருக்கு" என்பாள். கேலி செய்வாளே தவிர, ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் படுத்தால் குக்கரை விசிலடிக்க விடமாட்டாள். வெயிட்டைக் கரண்டியால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுப்பருகே நின்றுகொண்டிருப்பாள். உள்ளேயிருந்து, "சரசா, நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன். விசிலை விடு" என்று குரல் வரும்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் மழைக்காலத்தில் தாபோடி சிக்னலில் ஸ்கூட்டரோடு சாய்ந்து விழுந்தார். யாரும் இடிக்கவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்து நிறுத்தினார், கண் சொருகிவிட்டது, அவ்வளவுதான். பின்னால் வந்த பஸ் ஒரு முழம் தள்ளி நின்றது. முழங்காலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர், "இப்படியே போனால் அடுத்த தடவை கட்டுப் போட என்னிடம் வரமாட்டீர்கள். தூங்கியே ஆக வேண்டும்" என்றார். மாத்திரை எழுதினார். மாத்திரையில் உடம்பு மரத்துப்போனதே தவிர வகுப்பு நிற்கவில்லை. "இதற்கென்றே வகுப்பெல்லாம் நடத்துகிறார்களாமே, எங்காவது போய்ப் பாருங்களேன்" என்ற டாக்டர், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பாலசுப்ரமணியன், "ஃபேக்டரியில் சூப்பர்வைசர்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் கட்டோடுதான் ஹிஞ்சேவாடியில் அந்தப் புதுக் கம்பெனிக்குப் போனார். கண்ணாடிக் கட்டடம். ஹாலில் கால் புதைகிற மாதிரி கார்ப்பெட். அவர் அதுவரை கார்ப்பெட் மேல் நின்று வகுப்பு எடுத்ததில்லை. வழக்கம்போல் கண்ணை மூடச் சொன்னார். வழக்கம்போல் சாய்ந்தார். மார்க்கர் விழுந்தது. சத்தம் வரவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிற்பாடு நடந்த வகுப்பு அது. முந்தின நாள் ஷிப்ட் முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்த பிள்ளைகள். கண்ணைத் திற என்று சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொருவராகத் தலை தொங்கியது. அந்தக் கம்பெனியில் ஆட்களைக் கவனித்துக்கொள்ளும் ஜெனிபர், தேநீர் நேரம் தாண்டியும் யாரும் வெளியே வரவில்லையே என்று கதவைத் திறந்து பார்த்தாள். ஹால் முழுக்கக் குறட்டை. பலகைக்கு அடியில் வாத்தியார் உட்கார்ந்த வாக்கில் சரிந்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ஜெனிபர் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். தோளைத் தொட்டு எழுப்பினாள். "சார், உட்டோ சார். டைம் ஆச்சு."

அவர் பதறி எழுந்தார். வேலை போயிற்று என்று நினைத்தார். "அம்மா, மன்னிச்சுக்கோ. ஜோக்ளேகர் கிட்ட சொல்லிராத."

"என்ன சார் நீங்க! எங்க ஆளுங்க மூஞ்சியைப் பாருங்க. ஆறு மாசமா இப்படி நான் பார்க்கவே இல்ல. எக்தம் ஃப்ரெஷ்! எப்படி சார் பண்ணீங்க?"

ஜெனிபர் ஜோக்ளேகருக்கு அன்றே போன் செய்து புகழ்ந்துவிட்டாள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள்.

மறுநாள் காலையில் ஜோக்ளேகர் தன் ஆபீஸில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "சர், ஹே தர் சோன ஆஹே! இவ்வளவு நாளாக இந்தத் தங்கத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள்?" என்றார். மூன்று நிமிடத்தை அரை மணியாக்கினார். 'கிரேக்க ஓய்வு' என்று பெயர் வைத்துக் கம்பெனிகளுக்கு விற்றார். அடிமையையும் தோட்டக்காரரையும் சுருக்கச் சொன்னார். "அதெல்லாம் யாருக்கு வேணும்? தூங்க வையுங்கள், போதும்." ஒன்றே ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். "நீங்கள் தூங்கிவிடாதீர்கள். விழித்திருந்து கவனிக்கிற ஆள் ஒருத்தர் இருந்தால்தான் அது ட்ரெய்னிங். இல்லாவிட்டால் தர்மசாலை."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது அவருடைய வலது கையில் இருந்த விஷயம். ஊருக்கெல்லாம் அதைத்தான் சொன்னார். சொல்லவில்லை. ஒரு நாள் மறுத்தால் அந்த நாற்காலிக்கு இன்னொருவன் தயாராக இருப்பான் என்று அவருக்குத் தெரியும். கடிதம் டைப் அடித்த கை அது.

முதல் வாரம் கண்ணைக் கசக்கி, தொடையைக் கிள்ளி விழித்திருந்தார். அடுத்த வாரம் கிள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. 'கண்ணை மூடிக்கொள்ளுங்கள்' என்ற உடனே அவருக்கு மட்டும் சாட்டையால் அடித்த மாதிரி விழிப்பு வந்தது. பழைய இடம், பழைய பிம்ப்ரி சிமெண்டுத் தரை, தெரிந்த ஆட்கள் என்று திருட்டுத்தனமாகச் சாய்ந்து பார்த்தார். ம்ஹூம். இருந்த மூன்று நிமிடமும் போய்விட்டது.

"அந்த வேலையைத்தான் விட்டுத் தொலைங்களேன்" என்றாள் சரசா. அன்று அவளுக்குக் கேலி வரவில்லை. "சிக்னல்ல விழுந்த மாதிரி ஹைவேல விழுந்தா நான் எங்க போய் நிக்க?"

"விட்டா தூக்கம் வந்துருமா? சொல்லு, விட்டுருதேன்."

சரசா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

இந்தத் தடவை மறுபடியும் அதே கண்ணாடிக் கட்டடம், அதே கார்ப்பெட். ஜெனிபர் விளக்குகளை அணைத்துவிட்டுத் தானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்வரிசைப் பையன் ஒருவன் கண்ணை மூடுமுன் கை தூக்கினான். "சர், தூக்கம் எந்தக் கை? வலதா, இடதா?" எல்லோரும் சிரித்தார்கள்.

பாலசுப்ரமணியன் இரண்டு கைகளையும் நீட்டினார். எதை மூடுவது என்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இடது" என்றார். "அது நம் கையில் இல்லை. வேண்டும் என்று நினைக்காதவர்களுக்குத்தான் வரும்." பையன் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினான். அவனுக்கு உடனே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்க ஒரே மூச்சாகக் கேட்டது. ஜெனிபரின் தலை பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்தது. யாரோ ஒருவனுடைய செல்போன் மேஜையில் நடுங்கியது. நொண்டிக்கொண்டே போய், அதை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி வைத்துவிட்டு வந்தார். பலகையின் ஓரத்தில் தோளைச் சாய்த்தார். மார்க்கரை வலது கையில் தொங்கவிட்டார். கண்ணை மூடினார். விரல்கள் மார்க்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தன.

கண்ணைத் திறந்தார். தூக்கம் தளர்த்திவிடும் விரல்களை ஒவ்வொன்றாகத் தானே பிரித்து, மார்க்கரைக் கீழே விட்டார். சத்தமில்லாமல் விழுந்தது. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு குனிந்து அதை எடுத்தார். நிமிர்ந்து, மறுபடியும் சாய்ந்து, கண்ணை மூடி, மறுபடியும் விட்டார்.