விரல் நுனியில் உப்பு

அரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் வண்ணமீன் கடை வைத்திருந்த அவர், எதற்கெடுத்தாலும் விரலைத் தொட்டியில் விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. எனக்கு அதுவே எரிச்சல்.

என் தங்கமீன்கள் மேல் வெள்ளைப் புள்ளிகள் வந்தபோது மருந்து கேட்டுப் போனேன்.

"மருந்து எதுக்குங்க? கல்லுப்பு ஒரு கை போடுங்க."

"யார் கை? எத்தனை கிராம்?"

"நாக்குல வெச்சா தெரியுமுங்க."

மீன் கழிவு கலந்த தண்ணீரை யார் நக்குவது? ஒரு கை போட்டேன். புள்ளிகள் மறைந்தன. பிறகு வெயிலில் தண்ணீர் வற்றியபோதெல்லாம் புதுத் தண்ணீர் ஊற்றி, மறக்காமல் இன்னொரு கை உப்பும் போட்டேன். மூன்றாவது வாரம் இரண்டு மீன்களும் செத்து மிதந்தன.

தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போனேன். அவர் அதை மூடியில் ஊற்றி, விரலை நனைத்து நாக்கில் வைத்தார். சிரிப்பு போய்விட்டது.

"தண்ணிதானுங்க வத்தும். உப்பு அப்படியேதானுங்களே கெடக்கும்?"

"இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"அதான் நாக்குல வெக்கச் சொன்னேனுங்களே."

அவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. புது மீன்களை வேறு கடையில்தான் வாங்கினேன். தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே விரலை நாக்கில் வைத்துப் பார்க்கிறேன்.