பங்கு போட்ட குளிசை

அன்று பின்னேரம் எங்கள் குசினியில் இருந்தவர்கள் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, மாமி, பதின்மூன்று வயதுத் தங்கச்சி, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். அப்பா யானைக் காவலுக்கு வயல் வட்டையில் பரணில் கிடந்தார். கதிர் முற்றும் காலம், வயலை விட்டு அசைய முடியாது. மற்றவர் தங்கச்சிக்குக் குளிசை தந்த டொக்டர். அவரை யாரும் கூப்பிடவில்லை. மாமா இருக்கும் வீட்டில் டொக்டர் எதற்கு?

மாமா கட்டாரில் நான்கு வருடம் ஆஸ்பத்திரி வாகனம் ஓட்டியவர். ஏற்றியது நோயாளிகளை அல்ல, சலவைக்குப் போகும் படுக்கை விரிப்புகளை. என்றாலும் எங்கள் ஊரான கரடியனாற்றில் உறவுக்காரர் எவருக்கு எந்த வருத்தம் வந்தாலும் முதலில் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். என்னைக் கூப்பிடுவது மருந்துப் பெட்டியில் இருக்கும் இங்கிலீசை வாசிக்க மட்டும்.

கூட்டம் தங்கச்சியின் தொண்டையைப் பற்றியது. சில நாட்களுக்கு முன் அவளுக்குத் திடீரென்று காய்ச்சல் அடித்தது. எச்சில் விழுங்கவே அழுதாள். வலய மட்ட ஓட்டப் போட்டிக்குத் தெரிவாகியிருந்தவள், பாயை விட்டு எழும்பவில்லை. மாமி வந்து வாயைத் திறக்கச் சொன்னார். திறந்த வாய்க்குள் பார்க்காமலே, உண்ணாக்கு விழுந்திட்டுது என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு உச்சி மயிரில் ஒரு பிடி பிடித்து, கிணற்றில் வாளி இழுப்பதுபோல ஒரு இழுவை. தங்கச்சி வீல் என்று கத்தினாள்.

"இந்தா, ஏறிட்டுது கா. இனிச் சோறு குடு" என்றார் மாமி.

உண்ணாக்கு ஏறியதோ தெரியாது, காய்ச்சல் இறங்கவில்லை. அடுத்த நாள் காலை அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிட்டடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் ஒரு இளம் பெண். டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். இருமல் இருக்கா, மூக்கு வடியுதா என்று கேட்டார். இரண்டும் இல்லை. தாடைக்குக் கீழே விரலால் அமத்தினார், தங்கச்சி துள்ளினாள். உள்ளே இரண்டு பக்கமும் வீங்கி, வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பதை எனக்கும் காட்டினார்.

"தடிமனோட வாற தொண்டை நோ தானா மாறிடும் தம்பி, அதுக்கு இந்த மருந்து தேவையில்ல. இது அப்பிடியில்ல, கிருமி போலத்தான் கிடக்கு. பஞ்சால துடைச்சு டவுனுக்கு அனுப்பிப் பாக்கலாம், ஆனா முடிவு வரும்வரைக்கும் இருக்க ஏலாது. பென்சிலின் தாறன். பத்து நாளும் குடிக்கணும். சுகம் எண்டு இடையில விட்டா, மூட்டுக்கும் இருதயத்துக்கும் போகலாம்."

இதை நான் வீட்டில் சொல்லுக்குச் சொல் ஒப்புவித்தேன். கடதாசி உறையில் வந்த குளிசைகளைச் சரியாகக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. தங்கச்சி மீன் குழம்பு கேட்டுத் தின்றாள். உடனே குசினியில் கூட்டம் கூடிவிட்டது.

"காய்ச்சலும் இல்ல, நோவும் இல்ல. மறுகா என்னத்துக்குக் குளிசை?" மாமா தொடங்கினார்.

"பத்து நாள் குடிக்கச் சொன்னவ" என்றேன்.

"சொல்லுவா. குளிசை அரசாங்கத்தின்ட, உடம்பு எங்கட. ஒவ்வொண்டும் நெருப்பு மனே. குலையோட இளனி குடிச்சாலும் அந்தச் சூடு ஆறாது."

"பொம்புளப் புள்ள. சூடு கூடினா வயித்துக்குக் கூடாது" என்றார் அம்மா.

"எனக்கும் வேணாம். வாயெல்லாம் கசக்குது" என்றாள் தங்கச்சி. அவளுடைய கவலை, போட்டிக்கு முன் ஓடிப் பழக வேண்டும் என்பதே.

நான் திரும்பவும் இருதயம் என்றேன். மாமா மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கம்பஸில என்ன படிச்ச நீ?"

"புவியியல்."

"அப்ப நீ பூமியைப் பாரு ராசா. தொண்டைய எங்களுக்கு விடு."

குசினி முழுக்கச் சிரித்தது. அடுப்படியில் இருந்த தங்கச்சியும் சிரித்தாள். நான் அப்பாவுக்குப் போன் எடுத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "மாமன் என்ன சொல்றார்?" என்றார். நிப்பாட்டச் சொல்றார் என்றேன். "மறுகா என்ன, நிப்பாட்டுங்க. அங்கால வெடி கொளுத்துறானுகள், வைக்கிறன்."

எங்கள் வீட்டுக்கு எது வந்தாலும் அம்மா பங்கு வைப்பார். மீனோ பலாப்பழமோ, ஒரு வீட்டுக்கும் குறைந்துவிடக் கூடாது. அந்த நல்ல குணத்தை அன்று பென்சிலின்மேல் காட்டினார். மாமாவுக்கு இருமல், மூக்கடைப்பு. ஆகவே பெரிய பங்கு. மாமிக்குத் தொண்டை கரகரப்பு, ஒரு பங்கு. அப்பாவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் பனியில் கிடக்கிறார், வந்தாலும் வரலாம். அவருக்கும் கொஞ்சம் பால்மாத் தகரப் பேணிக்குள் போனது. கடைசியில் இரண்டை அம்மியில் பொடியாக்கி, முள்ளுக்கம்பி கிழித்த கன்றுக்குட்டியின் காலில் தூவினார்கள். மருந்து தேவைப்பட்ட ஒரே ஆளைத் தவிர மற்ற எல்லாருக்கும் கிடைத்தது. மாமாவின் தடிமன் தானாகப் போனது. அதை அவர் ஊர் முழுக்கப் பென்சிலினின் வெற்றியாகச் சொல்லித் திரிந்தார்.

சில கிழமை கழித்துத் தங்கச்சியின் வலது முழங்கால் வீங்கியது. ஓடியதால் வந்த சுளுக்கு என்று மாமி எண்ணெய் போட்டு உருவினார். வீக்கம் முழங்காலை விட்டுக் கணுக்காலுக்குப் போனது. எண்ணெய் வேலை செய்கிறது, வருத்தம் கீழே இறங்குகிறது என்றார் மாமா. பிறகு நோ முழங்கைக்கு வந்தது. கையால் யாரும் ஓடுவதில்லை என்பதை அந்த வீட்டில் எவரும் யோசிக்கவில்லை. ஒரு காலை, கிணற்றடியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் அவள் மூச்சு வாங்கி நிலத்தில் குந்திவிட்டாள். அதைப் பார்த்த பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்தேன். அம்மா அவளைத் தாங்கிக்கொண்டு ஏறினார். அப்பா காவலை விட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு வந்து ஏறினார். மாமாவும் ஏறினார், டொக்டரோடு பேச ஆள் வேண்டுமாம்.

டவுன் ஆஸ்பத்திரியில் டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு, கிட்டடியில் தொண்டை நோ வந்ததா என்றார்.

"அது சுகமாப் போன விசயம் டொக்டர்" என்றார் மாமா.

"குளிசை எத்தின நாள் குடிச்சவ?"

"மூண்டு" என்றார் அம்மா.

"மிச்சம்?"

அம்மா பொய் தெரியாதவர். விரல் மடித்துச் சொன்னார்: தம்பிக்கு, தம்பி பெஞ்சாதிக்கு, இவருக்கு, கன்றுக்குட்டிக்கு. கன்றுக்குட்டி என்றதும் டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மாமா சுவரில் ஒட்டியிருந்த டெங்குப் படத்தை வாசிக்கத் தொடங்கினார்.

தொண்டை நோவுக்கு மருந்தைப் பாதியில் விட்டதால் வந்த காய்ச்சல்தான் மூட்டிலும் இருதயத்திலும் பிடித்திருக்கிறது, ஒரு வால்வு கசிகிறது என்றார் டொக்டர். மூன்று கிழமைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பெரிய ஆளாகும்வரைக்கும், அதற்குப் பிறகும் இருக்கலாம்.

"நான் எப்ப ஓடலாம்?" தங்கச்சி கேட்டாள்.

"இந்த முறை ஏலாது மகள். இனிமேலும் ஏலுமோ எண்டு ஸ்கேன் பாத்துத்தான் சொல்லணும்."

அடுத்து மாமா கேட்டார், ஊசிக்குக் காசு எடுப்பார்களா என்று. இல்லை என்றதும், "பாத்தியா, எல்லாம் சும்மாதான்" என்று அப்பாவின் தோளில் தட்டினார்.

சும்மா இல்லை. அவள் வார்டில் கிடந்த நாட்களில் காவல் இல்லாத எங்கள் வயலுக்குள் யானை இறங்கி, ஒரு மூலையை மிதித்துத் தள்ளியது. இருதய ஸ்கேனுக்கு வரிசை நீளம் என்று வெளியில் எடுத்தோம். ஆட்டோ, சாப்பாடு, அம்மா அடகு வைத்த தோட்டின் வட்டி, அழிந்த நெல், எல்லாவற்றையும் அப்பா எனக்குச் சொல்லச் சொல்ல நான் கூட்டினேன். இந்தக் கணக்குக்கு மட்டும் படித்தவன் தேவைப்பட்டான்: தொண்ணூற்று ஆறாயிரத்து எழுநூறு ரூபாய்.