மெத்தைக்கு அடியில் மூன்று விரிப்பு

தொலைபேசி அடித்தாலே அக்கா எடுக்கப் பயப்படுவாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவுக்கு அவள் மேலாளர். அவள் அதட்டலுக்கு அங்கே எல்லாரும் பயந்தார்கள். அவள்தான் எல்லாரையும்விட அதிகம் பயந்தவள் என்பது வீட்டில் எங்களுக்கு மட்டும் தெரியும். பிழைக்க வந்த நாடு; வேலை போனால் முப்பது நாளில் கிளம்ப வேண்டும். அத்தான், பிள்ளைகள் எல்லாருடைய விசாவும் அவள் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் படுக்கை விரிப்புகள் காணாமல் போகத் தொடங்கின. தினமும் காலையில் அறுநூறு விரிப்புகள் வார்டுகளுக்குப் போகும். பத்து மணிக்கெல்லாம் "இங்க ஒண்ணுகூட இல்ல" என்று போன் வரும்.

ஆஸ்பத்திரி இயக்குநர் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "துணி தேய்க்கிறவர் மேலதான் எல்லாருக்கும் சந்தேகம். வெள்ளிக்கிழமை அவர அனுப்பிடுங்க. வேற காரணம் இருந்தா அதுக்குள்ள கொண்டு வாங்க."

தேய்க்கிறவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். அவ்வளவு மெதுவாக நடப்பார். "மேடம், என் வீட்ல இருக்கிறதே ஒரு கட்டில். அத்தனை விரிப்ப எங்க கொண்டுபோய் விரிப்பேன்?" என்று சிரித்தார். சிரிக்கும்போதும் கை சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. அவருக்கும் அதே முப்பது நாள்தான்.

புதன்கிழமை அக்கா தானே தள்ளுவண்டியோடு வார்டுக்குப் போனாள். ஒரு நோயாளி, "மெத்தை ஒரு பக்கம் மேடா இருக்கும்மா" என்றார். தூக்கிப் பார்த்தால் அடியில் மடிப்புக் கலையாத மூன்று விரிப்புகள். சக்கர நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு மூட்டை. குளியலறைப் பரணில் இன்னொன்று.

தலைமை நர்ஸ் மழுப்பவில்லை. "ஆமா, ஒளிச்சுதான் வச்சேன். ஒரே நாள்ல ரெண்டாவது தடவை கேட்டா காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும்னு யாரு சட்டம் போட்டது? நோயாளி ஈரத்துல கிடப்பாரு, நான் உங்களுக்குக் கட்டுரை எழுதிட்டு உக்காந்திருக்கணுமா?"

சட்டம் போட்டது அக்காதான். வீண் செலவைக் குறைக்க, மூன்று மாதத்துக்கு முன்னால்.

அன்று சாயங்காலம் சமையலறை மேஜையில் ஒரு தாளை விரித்துப் படம் போட்டுக் காட்டினாள். ஒரு வார்டு ஒளித்து வைக்கிறது. அதனால் அடுத்த வார்டுக்குக் குறைகிறது. அதுவும் ஒளிக்கிறது. குறையக் குறைய இவள் கெடுபிடியைக் கூட்டுகிறாள். கெடுபிடி கூடக் கூட எல்லாரும் இன்னும் ஒளிக்கிறார்கள். அம்புக்குறிகள் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றன. அந்த வட்டத்துக்குள் திருடன் என்று யாருமே இல்லை. அவள் போட்ட கையெழுத்துச் சட்டம்தான் இருந்தது.

அத்தான் தாளைக் கவிழ்த்து வைத்தார். "இதப் போய் நீயே சொல்லுவியா? பெட்டியக் கட்டிட்டுப் போய்ச் சொல்லு."

"தேய்க்கிறவர அனுப்பிட்டா மட்டும் விரிப்பு வந்துருமா? அடுத்த மாசமும் குறையுமே, அப்ப யார அனுப்புறது?" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை தாளோடு இயக்குநரிடம் போனாள். கிடங்கில் பிரிக்காமல் இருக்கும் புது விரிப்புகளையும் வெளியே எடுத்து, கேட்டவர்களுக்குக் கேள்வி கேட்காமல் கொடுக்க வேண்டும் என்று சொன்னாள்.

"குறையுதுங்கிறீங்க. இன்னும் அள்ளிக் குடுக்கணுங்கிறீங்க. ஒரு வாரம். சரியாகலேன்னா போறது அவர் இல்ல, நீங்க."

முதல் இரண்டு நாளும் எல்லாரும் போட்டிபோட்டு அள்ளினார்கள். அலமாரி காலியானது. அத்தான் பயணப்பெட்டிகளைத் துடைத்து வைத்தார். மூன்றாம் நாளும் அப்படித்தான். "பயம் தெளிய நாள் ஆகும்" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். வார்டுகளின் பயத்தைச் சொன்னாளா, தன் பயத்தையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்குச் சலவைப் பிரிவில் தொலைபேசி அடித்தது. அக்கா கையை மடியில் இறுக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எடுங்க மேடம்," என்றார் எக்ஸ்பிரஸ். "நான் வந்து எடுக்கறதுக்குள்ள நாளைக்கு ஆயிடும்."

எடுத்தாள். தலைமை நர்ஸ். "எண்பது விரிப்பு இங்க சும்மா கிடக்கு. சக்கர நாற்காலி வைக்க இடமில்ல. யாரையாவது அனுப்பி எடுத்துட்டுப் போங்க."

அக்கா ரிசீவரைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள். எக்ஸ்பிரஸ் அதற்குள் தள்ளுவண்டியோடு கிளம்பியிருந்தார். வாசலை எட்ட இன்னும் பாதி தூரம் இருந்தது.